எல்லை மலைப்பாதைகளில் புகையில்லா ஊர்திகள்

(பொருளாதார மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மோட்டார் ஊர்திகளால் சுற்றுப்புறச் சூழல் கெடுவது பெருநகரங்களின் பிரச்சினை என்று கருதும் வழக்கம் நெடுநாளாக இருந்து வருகிறது. டெல்லியின் குளிர்காலப் புகைமூட்டமும், பெங்களூரின் போக்குவரத்து நெரிசலும் கண்ணுக்குத் தெரிகின்றன. மலைப்பாதையில் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறும் ஒரு ஜீப்பின் புகை காட்டில் கரைந்து விடுவதால் கணக்கில் வருவதில்லை. கேரள மாநிலத்தின் பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களும் தமிழ்நாட்டைத் தொடும் எல்லைப் பகுதியை எடுத்துக்கொண்டு பார்த்தால், பசுமை ஊர்தி என்ற பேச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு ஆசை என்பது ஓரளவு தெளிவாகும். இரண்டும் ஒரே மாநிலத்தின் மாவட்டங்களே ஆயினும் நிலம் வேறு. பாலக்காடு, மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியில் அமைந்த சமவெளி வாயில். இடுக்கியோ, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு முதலான கணவாய்கள் வழியே மட்டும் கிழக்கே இறங்கக்கூடிய மேட்டு நிலம்.

சமவெளியிலிருந்து தொடங்குவது எளிது. வாளையாறு சோதனைச் சாவடியில் சரக்கு லாரிகள் மணிக்கணக்கில், சில நாள்களில் அதற்கும் மேலாக, வரிசையில் நின்ற காலம் இருபகுதி மக்களுக்கும் நினைவிருக்கும். 2017 ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது வணிகவரிச் சோதனைச் சாவடிகள் தேவையற்றுப் போயின. 2018 ஏப்ரலில் மாநிலங்களுக்கிடையிலான சரக்குக்கு மின்வழிச் சீட்டு வந்தது. அந்த வரிசையில் நகர்ந்து நகர்ந்து எரிந்த டீசல் மிச்சமாயிற்று. இதற்காக ஒரு லாரியின் இன்ஜின் கூட மாற்றப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. வரி நிர்வாகத்தைச் சீர்திருத்தியதன் பக்க விளைவாகச் சூழல் நன்மை கிடைத்தது. ஊர்தியை மாற்றுவதைப் பற்றிப் பேசும் முன், ஊர்தி எதற்காக ஓடுகிறது, எதற்காக நிற்கிறது என்று கேட்பது நிர்வாகத்தில் உள்ளவர்களுக்கு நல்ல பழக்கம்.

ஊர்தியைச் சீர்படுத்தும் வேலையும் நடந்துதான் இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தன. எரிபொருளில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. ஆனால் விதி புதிய ஊர்திக்குத்தான். மலையில் ஓடும் ஊர்திகளில் பல அதற்கு முற்பட்டவை.

மலைக்குச் செல்வோம். உடும்பன்சோலை வட்டாரத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் வருவது பெரும்பாலும் தேனி மாவட்டத்திலிருந்து. போடிநாயக்கனூர், தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் பகுதிகளிலிருந்து, விடிவதற்கு முன்பே எழுந்து தூக்குச்சட்டியில் சோறு கட்டிக்கொண்டு, பெண்களே மிகுதியாக, ஜீப்புகளில் ஏறி மலைக்குச் செல்கின்றனர், மாலையில் திரும்புகின்றனர். அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றப்படுவதும், அதனால் விபத்துகள் நேர்வதும் செய்தித்தாள் படிப்போர் அறிந்ததே. ஏலக்காய் ஏற்றுமதியைப் பற்றி எழுதும் பொருளாதார நூல்களில் இந்த ஜீப்புக்கு ஒரு வரி கூடக் கிடைப்பதில்லை. ஆனால் அந்தத் தொழிலின் அன்றாட உழைப்பு இதில் ஏறித்தான் மேலே செல்கிறது.

இந்த ஜீப்பை மின்சாரத்தில் ஓட்டினால் என்ன லாபம்? மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். போடியிலிருந்து பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடையும் ஊர்தி ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறது. ஆட்களோடு சேர்த்து இரண்டு டன் எடையுள்ள ஜீப்பை அந்த உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டும் வேண்டிய ஆற்றல் சுமார் 5.5 யூனிட். டீசல் இன்ஜின், எரிபொருளின் வெப்பத்தில் கால் பங்கையே சக்கரத்துக்குத் தருகிறது என்று கொண்டால், ஒரு லிட்டரில் 10 யூனிட் என்ற அளவில் 2.2 லிட்டர் டீசல் செலவாகும்; கரியமில வாயு கிட்டத்தட்ட 6 கிலோ. மின் மோட்டாருக்கும் அதே உயரம், அதே எடை. மோட்டாரிலும், மின்கலத்தை ஊட்டுவதிலும், கம்பிகளிலும் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் மின் நிலையத்தில் ஏழரை யூனிட் உற்பத்தி செய்ய வேண்டியிருக்கும். இந்திய மின் தொகுப்பில் நிலக்கரியின் பங்கு பெரிது. யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்பது சராசரி. ஆக, 5 கிலோவுக்குச் சற்று மேல்.

ஆறுக்கும் ஐந்துக்கும் இவ்வளவுதானா வேறுபாடு என்று ஏமாற்றம் தோன்றலாம். ஏறும்போது அவ்வளவுதான். வேறுபாடு இறங்கும்போது வருகிறது. டீசல் ஜீப் மலையிறங்கும்போது, ஏறுவதற்குச் செலவிட்ட ஆற்றல் முழுவதும் பிரேக்கிலும் இன்ஜினிலும் சூடாகி வீணாகிறது. வளைவுகளில் பிரேக் காய்ந்த வாடையை நுகராத பயணி இல்லை. மின் ஊர்தியிலோ, இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, ஆற்றலில் ஏறத்தாழப் பாதியை மின்கலத்துக்குத் திருப்பித் தர இயலும். மாலையில் ஜீப் ஆள் நிறைந்தே இறங்குவதால் இந்த வரவு குறைவதில்லை. அதைக் கழித்தால் 5 கிலோ 3 கிலோவாகிறது. டீசலின் 6 கிலோவில் பாதி. சமவெளி நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடும் கார் இப்படித் திருப்பி எடுக்க அதிகம் இடமில்லை.

மலைச்சரிவைப் பயன்படுத்தும் எண்ணம் இங்கே புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் ஓடியது. 1902-இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுக்கும் வண்டியாகத் தொடங்கி, 1908-இல் இரண்டடி அகல ரயில் பாதையானது. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிக்குச் சென்றன. 1924-ஆம் ஆண்டு வெள்ளம், மலையாள ஆண்டுக் கணக்கில் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம், அந்த ரயிலை அழித்தது. அதன்பின் சாலையே எல்லாமாயிற்று. 2022-23 மத்திய பட்ஜெட்டில் பர்வத்மாலா என்ற பெயரில் மலைப்பகுதிக் கம்பிவடத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, சுற்றுலாவைப் பற்றியே பெரிதும் பேசப்பட்டது. தோட்டத் தொழிலாளரின் பயணத்துக்கும் அது பொருந்துமா என்று ஆராய இடமுண்டு.

3 கிலோவை மேலும் குறைக்கும் வழி, மின்சாரம் எந்த நேரத்தில் ஊட்டப்படுகிறது என்பதில் இருக்கிறது. இடுக்கி மின் நிலையம் 1976-இல் இயங்கத் தொடங்கியது. அதன் திறன் 780 மெகாவாட். ‘எங்கள் மாவட்டத்து மின்சாரம் நீரிலிருந்து வருகிறது, ஆகவே மின் வண்டி முழுவதும் தூயது’ என்று சொல்லக் கேட்கலாம். அது சரியன்று. கேரளம் தனக்கு வேண்டிய மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. மாலை விளக்கு வைத்தபின் உயரும் தேவையைச் சமாளிக்கவே அணை நீர் சேமிக்கப்படுகிறது. 2023-இல் பருவமழை பொய்த்தது. 2024 மே மாதத் தொடக்கத்தில் மாநிலத்தின் உச்ச மின்தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியபோது, கடும் வெப்பத்தில் தவித்த பாலக்காடு பகுதியில் இரவு 7 மணி முதல் 1 மணி வரை பெரிய நுகர்வோருக்குக் கட்டுப்பாடு விதிக்க நேர்ந்தது. அந்த நேரத்தில் வீடு திரும்பிய ஒவ்வொருவரும் காரை மின் இணைப்பில் மாட்டினால், எரிவது நிலக்கரியே. மத்திய மின்துறை 2024 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பொது மின்னூட்ட நிலையங்களுக்குக் காலை 9 முதல் மாலை 4 மணி வரை சராசரி வழங்கல் செலவில் 0.7 மடங்கும், மற்ற நேரங்களில் 1.3 மடங்கும் கட்டணம் கூறியது இதனால்தான். சூரிய மின்சாரம் மிகுந்திருக்கும் நேரம் அது.

அலுவலகத்துக்குச் செல்பவரின் கார் அந்நேரத்தில் எங்கோ ஒரு நிழலில் நிற்கும். தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் சென்ற ஜீப்பும் அந்நேரத்தில் மலையில்தான் நிற்கிறது. காலையில் ஏறி, பகலில் நின்று, மாலையில் இறங்கும் இந்த ஊர்தியைப் போல் சூரிய மின்சாரத்துக்கு ஏற்ற கால அட்டவணை உடைய ஊர்தி வேறு கிடைப்பது அரிது.

ஆயினும் அரசு உதவி இந்த ஜீப்பை எட்டவில்லை. பேம் திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2019 முதல் 2024 மார்ச் வரை நடைபெற்றது. 2024 அக்டோபரில் ரூ. 10,900 கோடியில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டம், இருசக்கர, மூன்றுசக்கர ஊர்திகள், லாரிகள், ஆம்புலன்சுகள், பேருந்துகள் ஆகியவற்றுக்கு உதவ வகுக்கப்பட்டது. பேருந்துகளுக்கான ரூ. 4,391 கோடி, நாற்பது லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட ஒன்பது மாநகரங்களுக்கு. நான்கு சக்கரப் பயணி ஊர்திக்கு அதில் மானியமில்லை. பணக்காரரின் காருக்கு வரிப்பணம் போகக்கூடாது என்பது நியாயமான எண்ணமே. ஆனால் கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு ஜீப் வைத்துப் பிழைப்பவரும் அதே வகையில் அகப்பட்டு வெளியே நிற்கிறார். அவருக்குக் கிடைப்பன, மின் ஊர்திக்கு 5 சதவீதமாக உள்ள சரக்கு சேவை வரியும், 2018 அக்டோபர் அறிவிக்கையின்படி பெர்மிட் தேவையில்லை என்ற சலுகையும். இரு மாநிலங்களைத் தினமும் கடக்கும் ஊர்திக்கு இரண்டாவது சலுகை சிறிதன்று. எனினும், 2025 செப்டம்பரில் சிறிய பெட்ரோல் கார்களின் வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபின், விலை வேறுபாட்டில் மின் ஊர்திக்கு இருந்த சாதகமும் குறைந்துவிட்டது.

கேரளம் இவ்வகையில் பின்தங்கிய மாநிலமன்று. 2019-இல் மின் ஊர்திக் கொள்கையை அறிவித்தது. அதே ஆண்டில் மாநிலப் பொதுத்துறை நிறுவனமான கேரளா ஆட்டோமொபைல்ஸ் ‘நீம் ஜி’ என்ற மின் ஆட்டோவை வெளியிட்டது. மின்கம்பங்களில் பொருத்திய மின்னூட்டப் பெட்டிகளை மின்வாரியம் ஆயிரத்துக்கும் மேல் நிறுவியது. அண்மை ஆண்டுகளில் மாநிலத்தில் பதிவாகும் புதிய ஊர்திகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று மின் ஊர்தி. இவற்றில் பெரும்பகுதி ஸ்கூட்டர். நகரத்து வீட்டு முற்றத்தில் நிற்பவை.

மாற்று எரிபொருள் பற்றியும் ஒரு சொல். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது என்ற இலக்கு 2025-இல் எட்டப்பட்டது. அன்னியச் செலாவணி மிச்சமாவது மெய். ஆனால் 2025 ஜனவரியில் பாலக்காடு மாவட்டம் எலப்புள்ளியில் எத்தனால், மது வடிப்பாலை ஒன்றுக்கு மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தபோது, ஊர் மக்கள் கேட்ட கேள்வி தண்ணீரைப் பற்றியது. மழை நிழலில் கிடந்து, நிலத்தடி நீருக்காகப் பிளாச்சிமடையில் நெடிய போராட்டம் நடத்திய மாவட்டத்தில் அக்கேள்வி எழாமல் இருக்குமா? புகைபோக்கியில் குறைவது கிணற்றில் குறைந்தால், அதைப் பசுமை என்று எழுதும் கணக்கு முறை திருத்தப்பட வேண்டும்.

ஊர்திகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் முயற்சியும் அண்டையில் நடக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் மின்னணு அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. 2025 ஏப்ரலில் நாளொன்றுக்கு நீலகிரிக்கு 6,000, வார இறுதியில் 8,000 என உச்சவரம்பும் வந்தது. இரவிகுளத்தில் சுற்றுலாப் பயணிகளின் கார் வாயிலிலேயே நின்றுவிட, வனத்துறைப் பேருந்தே உள்ளே செல்கிறது. பார்வையாளர் விஷயத்தில் இது எளிது. வேலைக்குப் போகிறவரிடம் நாளை வா என்று சொல்ல முடியாது.

போடிக்கு 2023 ஜூன் 15 முதல் அகல ரயில் பாதையில் மீண்டும் ரயில் வருகிறது. மதுரைப் பக்கத்துப் பயணியை மலையடிவாரம் வரை அது கொண்டுவந்து விடும். அதற்கு மேல் உள்ள பயணமே மிச்சம். அதிகாலையில் தோட்ட வேளைக்கு ஏற்ப இரு மாநிலப் போக்குவரத்துக் கழகங்களும் சிறிய மின் பேருந்துகளை விட்டால் ஆள் ஒருவருக்கு ஆகும் புகையும் குறையும், விபத்தும் குறையும். ஜீப் ஓட்டுநரின் பிழைப்புக்கு வழி வேறு தேட வேண்டும். பேருந்து நுழையாத தோட்டச் சாலைகளில் ஜீப்பே கதி. அங்கே முதல் மின்னூட்ட நிலையத்தை எங்கு வைப்பது என்ற கேள்விக்கு விடை கடினமன்று. ஏலக்காய் உலர்கூடத்துக்கென மின் இணைப்பு பெற்ற தோட்டங்கள் உள்ளன; கூரையும் உள்ளது. செலவைத் தோட்ட முதலாளி, ஜீப் உரிமையாளர், இரு மாநில அரசுகள் ஆகியோரில் யார் எவ்வளவு ஏற்பது என்பதே இன்னும் எந்தக் கோப்பிலும் இடம் பெறாத வினா.