கேட்கப் பழகுவோம்



தேர்வு முடிவு வெளியானதும் மல்லசமுத்திரத்து மாணவன் மதிப்பெண் பட்டியலோடு திகைத்து நிற்கின்றான். மேலே என்ன படிப்பதென்று கேட்க வீட்டில் படித்தவர் இல்லை. அக்குறையை நம்மவரே நீக்குதல் வேண்டும்.

ஆசிரியப் பயிற்சி பெற்ற பட்டதாரிகளே! தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம் வழிகாட்டுதல், ஆலோசனைப் பட்டயப் படிப்பை ஓராண்டாக அமைத்துள்ளது. 6 மாதம் தொலைநிலைக் கல்வி, 3 மாதம் நேர்ப் பயிற்சி, 3 மாதம் களப் பயிற்சி. நேர்ப் பயிற்சி நடைபெறும் இடங்களுள் மைசூர் மண்டலக் கல்வி நிறுவனமும் ஒன்று.

இதற்கு நெட்டுருப் போடுதல் போதாது. மாலைதோறும் இருவர் இருவராக அமருங்கள். ஒருவர் தம் இடரைக் கூற, மற்றவர் இடைமறியாது கேட்டு, கேட்டதைத் தம் சொல்லில் திருப்பிக் கூறுக.

ஆசிரியர்களாகிய நாங்கள் அறிவுரை நிறையக் கூறினோம், கேட்டது குறைவு. அவ்வாறு நாங்கள் கேளாதுவிட்ட மாணவன் ஒருவன் தறிக்குச் சென்றுவிட்டான். இன்னொருவன் அவ்வாறு செல்லாதிருக்க, நீங்கள் கற்று வருக!