மேய்ச்சல் தரையைக் கெடுக்கும் பார்த்தீனியம்

(கிராம ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



பசுவின் பால் திடீரெனக் கசந்தால், கறப்பவன் பாத்திரத்தையும் சங்கத்தார் கறப்பவனையும் சந்தேகிப்பது வழக்கம். குற்றம் சில சமயம் மேய்ச்சல் தரையில் இருக்கிறது. நல்ல புல் ஒழிந்த இடத்தில், பசிக்கு வேறு கதியற்ற மாடு பார்த்தீனியத்தைக் கடித்தால் அதன் கசப்புப் பாலில் இறங்கிவிடும்.

அமெரிக்கக் கண்டத்திற்குரிய இச்செடி 1955-ஆம் வருஷம் புனாவில் கண்டறியப்பட்டு, அதன்பின் தேசமெங்கும் பரவிற்று. இதனை இளமையிலேயே அடையாளங் கண்டுகொள்ளல் வேண்டும். முதலில் இலைகள் தரையோடு தரையாய் வட்டமாகப் படிந்து, காரட்டுத் தழைபோல ஆழமாகப் பிளந்திருக்கும். பின்பு நடுவினின்றும் தண்டெழும்பி, மார்பளவுகூட வளர்ந்து, பல கிளைவிட்டு, மூக்குத்திகளைத் தெளித்தாற்போல் சிறு வெண்பூக்களைத் தாங்கும். முளைத்த ஒரு மாதத்திலேயே பூப்பதுமுண்டு. ஒரே செடி 15,000 விதைகளுக்குமேல் உதிர்க்கவல்லது. வண்டிச் சக்கரத்துச் சேற்றிலும், மாட்டுக் குளம்பிலும், வாங்கிவந்த தீவனத்திலும் அவை ஊர்விட்டு ஊர் செல்லும்.

பூத்தபின் அறுப்பது வீண். அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும், விதையும் உதிரும். மழைக்குப்பின் நிலம் ஈரமாயிருக்கையில், பூக்குமுன் வேரோடு பிடுங்குவதே தக்கது. வெறுங்கையால் தொடலாகாது. இதனால் தோல் தடித்து அரித்து, வருஷக்கணக்காய்த் துன்புறுவோர் உளர். மகரந்தத்தால் இளைப்பும் உண்டாகும். கையுறையும் நீண்ட சட்டையும் அவசியம். ஒருமுறை அரிப்புக் கண்டவரை இவ்வேலைக்கு அனுப்புவது, கூலி கொடுத்து அவருக்கு வியாதியை வாங்கித் தருவதாகும். பூவாத செடி எருக்குழிக்கு ஆகும். பூத்ததைக் குழியிலிட்டால் விதையை வயலுக்குச் சுமந்து செல்வதே.

1926-இல் சென்னை மாகாணத்திற்குத் தருவிக்கப்பட்ட காச்சினீல் பூச்சி, சில வருஷங்களில் சப்பாத்திக் கள்ளிப் புதர்களை அழித்தது. அதுபோல் பார்த்தீனியத்தின் இலையைத் தின்னும் மெக்ஸிகோ வண்டு 1983-இல் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டது. ஆயினும் கள்ளியில் கிட்டிய முழு வெற்றி இதில் கிட்டவில்லை. வண்டு மழைக்காலத்தில் ஊக்கமாகத் தின்று, வறட்சியில் மண்ணுக்குள் அடங்கிவிடும்; செடியோ சிறிது ஈரங் கண்டாலும் முளைக்கும். வண்டை நம்பிக் கைகட்டியிருத்தல் தகாது. தகரை விதையைத் தூவி இச்செடியை அடக்கும் முறையும் உண்டு. சாலையோரத்திற்கு அது நன்று. மாடு விரும்பாத தகரையை மேய்ச்சல் தரையில் வளர்ப்பதில் லாபமென்ன?

விதை மண்ணில் பல வருஷம் உயிரோடிருக்குமாதலால் ஒருநாட் கூட்டவேலை போதாது. முதல் மழைக்குப்பின் மூன்று வாரத்துக்கொருமுறை அங்கத்தினர் தரையைச் சுற்றிப் பார்த்துப் பிடுங்குவதும், களையெடுத்த பாகத்தில் புல் மூடும்வரை மாடு விடாதிருப்பதும் சங்கத் தீர்மானமாகப் பதிவு செய்யத்தக்கவை. வெற்றுத் தரையிலேதான் பார்த்தீனியம் முதலில் குடியேறுகிறது.