ஓரமாக நடக்கலாமா?

புக்கிட் தீமா மலையின் உயரம் ஏறத்தாழ 163 மீட்டர்தான். ஞாயிறு காலை குடும்பத்தோடு ஏறி, உச்சியில் படம் எடுத்துக்கொண்டு, பசியாற வீடு திரும்பிவிடலாம். அந்த எளிமைதான் காட்டுக்கு வினையானது. தேய்ந்த பாதைகளையும் சரிவுகளையும் செப்பனிட 2014இல் மூடப்பட்ட வனப்பகுதி, 2016இல்தான் முழுமையாகத் திறந்தது.

பாதை சேறாக இருக்கிறதென்று ஒருவர் ஓரமாக இறங்கி நடக்கிறார். பின்னால் வருபவருக்கு அதுவே வழியாகிவிடுகிறது. மண் இறுகுகிறது, மழைநீர் உள்ளே இறங்காமல் மேல்மண்ணை அரித்துப் போகிறது. முளைவிட்ட கன்று மிதிபடுகிறது. நாளைய மரம் அந்தக் கன்றுதானே?

குரங்குக்கு ரொட்டி போடுவது இன்னொரு வழக்கம். வனவிலங்குச் சட்டப்படி முதல் குற்றத்துக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். அதற்கு அஞ்சாத தாத்தாகூட, பேரன் கையைப் பிடித்தால் ரொட்டிப் பையை மூடிவிடுவார்.