நெளியும் கெரிஸ்

இந்தோனேசியாவின் ஜாவா தீவில் 'கெரிஸ்' என்றொரு குத்துவாள் உண்டு. அலகு நேராக இருந்தால் அசையாமல் கிடக்கும் நாகம். நெளிந்திருந்தால் ஊர்ந்து செல்லும் நாகம் என்பார்கள். நெளிவுகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படைதான்.

'எம்பு' எனப்படும் கொல்லர் இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கி, காய்ச்சி, அடித்து, மடித்து, மறுபடியும் அடிப்பார். எலுமிச்சைச் சாறும் ஆர்சனிக்கும் சேர்த்துத் தேய்த்தால் இரும்பு கறுக்கும், நிக்கல் வெள்ளியாய்த் துலங்கும். இந்தக் கோலத்துக்குப் 'பாமோர்' என்று பெயர். சிந்திய அரிசி போன்ற ஒரு பாமோர் செழிப்பின் அடையாளம்.

தலைமுறை தலைமுறையாகக் காக்கப்படும் இந்தக் கெரிஸை, மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக யுனெஸ்கோ 2005-இல் அறிவித்தது. ஆயுதத்திலும் வாழ்த்தைப் பொறித்த அந்தக் கைகளை மதிப்போம்!