செம்பனையைத் தின்னும் பூஞ்சை



மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917இல், கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் தொடங்கியது. இன்று இந்தக் கரையோர மண்ணில் செம்பனைக்குப் பெரும் எதிரி, கானோடெர்மா என்னும் பூஞ்சை. வேர்வழியே நுழைந்து அடித்தண்டை அழுக வைக்கும். குருத்துகள் விரியாமல் நிற்பதையும் அடியில் தட்டுக்காளான் முளைப்பதையும் நாம் காணும்போது, உள்ளே பாதித் தண்டு போயிருக்கும்.

இதற்கு மருந்து காண்பது ஏன் கடினம்? பூஞ்சையின் உயிரணு, பாக்டீரியாவைவிட நம் உயிரணுவுக்கே நெருக்கமானது. பூஞ்சைக்கு மட்டுமே உரிய இடத்தைத் தாக்க வேண்டும். எர்கோஸ்டெரால் அப்படிப்பட்ட பொருள். பூஞ்சையின் உயிரணுச் சவ்வுக்கு அது தேவை, நம் உடலோ அதைச் செய்வதில்லை. அசோல் குடும்பத்தைச் சேர்ந்த ஹெக்சகோனசோல் மருந்து அதன் உற்பத்தியைத் தடுக்கிறது.

ஆனால் மருத்துவமனைகளில் தரும் பல பூஞ்சை மருந்துகளும் இதே குடும்பம்தான். வயல்களில் அசோல்களை மிகுதியாகப் பயன்படுத்தினால், மனிதரின் நுரையீரலைத் தாக்கும் ஆஸ்பர்ஜிலஸ் பூஞ்சையும் எதிர்ப்பாற்றல் பெற்றுவிடும். அதனால்தான் புதிய மூலக்கூறுகள் வேண்டும்; டிரைக்கோடெர்மா போன்ற நன்மை செய்யும் பூஞ்சைகளும் வேண்டும்.

பூஞ்சை இனம் முழுவதும் பகையல்ல. ஹெபடைடிஸ் பி தடுப்பூசிக்கான புரதத்தை ஈஸ்ட் என்னும் பூஞ்சைதான் உருவாக்கித் தருகிறது.

தோட்ட நண்பர்களே, மறுநடவின்போது நோயுற்ற அடிக்கட்டையை வேரோடு அகற்றுங்கள். தட்டுக்காளானைக் கண்டால் அன்றே நிர்வாகத்திடம் சொல்லுங்கள். பக்கத்து மரம் பிழைக்கும்.