கார் கண்ணாடியில் உப்புக்கறை: அந்தத் தண்ணிய வெச்சது யாரு?

போன எபிசோட்ல டயர் காத்து பத்திப் பேசினோம். அதுக்கு வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான். "ப்ரோ, கார் கண்ணாடியில இருக்கிற வெள்ளைப் புள்ளி எவ்ளோ தேய்ச்சாலும் போக மாட்டேங்குது, என்ன பண்றது?" இதுக்கு எங்கிட்ட பதில் இருக்கு, கொஞ்சம் நீளமான பதில். ஏன்னா இந்தப் புள்ளி விஷயத்துல நான் ஒருத்தர் பொழப்புல கை வெச்சிருக்கேன். அதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

போன வருஷம் நவம்பர். திண்டிவனத்துல ஒரு கல்யாணம் முடிச்சுட்டு நானும் அப்பாவும் ஜிஎஸ்டி ரோட்ல சென்னைக்குத் திரும்பிட்டு இருந்தோம். ராத்திரி பத்து மணி இருக்கும். பெரிய மழை இல்ல, தூறல். எதிர்ப்பக்கம் ஒரு லாரி ஹைபீம்ல வந்துச்சு. அந்த வெளிச்சம் பட்டதும் என் முன் கண்ணாடியில இருந்த அத்தனை புள்ளியும் சீரியல் பல்பு மாதிரி எரிய ஆரம்பிச்சுது. ரோடே தெரியல. வைப்பர் ஓட ஓட அந்த வெளிச்சம் இன்னும் பரவுது. அடுத்து என் காதுல விழுந்தது அப்பா குரல்: "டேய், வலது, வலது ஒடி!" ஒடிச்சேன். இடது பக்கம் பின் லைட்டே இல்லாம ஒரு மொபெட், ரெண்டு பேர், நடுவுல ஒரு மூட்டை. கையை நீட்டினா தொடலாம், அவ்ளோதான் இடைவெளி.

அப்பா முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர். அடுத்த டீக்கடையில நிறுத்தச் சொன்னார். இறங்கினார், கண்ணாடியை நகத்தால சுரண்டிப் பார்த்தார். "கண்ணாடிய இந்தக் கோலத்துல வெச்சுக்கிட்டு எந்தத் தைரியத்துலடா ராத்திரி வண்டிய எடுத்தே? சாவியக் குடு." அதுக்கப்புறம் வீடு வரைக்கும் அவர்தான் ஓட்டினார். மெதுவா, ஒரு வார்த்தை பேசாம.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு வந்த கோவம் யார் மேலன்னு நினைக்கிறீங்க? தினமும் காலையில அஞ்சரை மணிக்கு வந்து கார் தொடைக்கிற அண்ணன் மேல. மாசம் அறுநூறு ரூபா வாங்குறார், கண்ணாடிய ஒழுங்காத் தொடைக்கலன்னு. அந்த ராத்திரியே அப்பார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்ல நீளமா ஒரு மெசேஜ் போட்டேன். அழுக்குத் துணி, அலட்சியம், இன்னைக்கு ஒரு உயிர் போயிருக்கும், அப்படி இப்படின்னு. மறுநாளே மூணு வீடு அவரை நிறுத்திட்டாங்க. நானும் நிறுத்தினேன். அவர் எங்கிட்ட ஒண்ணுமே கேக்கல. பக்கெட்டைக் கவுத்து வெச்சுட்டுப் போயிட்டார்.

சரி, இப்போ புள்ளிக்கு வருவோம். அது அழுக்கே இல்ல. ஓஎம்ஆர் பக்கம் இருக்கிறவங்களுக்கு நம்ம போர் தண்ணி பத்தி நான் சொல்லவே வேணாம், ஷவர் தலையப் பார்த்தாலே தெரியும். அந்தத் தண்ணியில கால்சியம், மெக்னீசியம் உப்பெல்லாம் கரைஞ்சிருக்கு. ஒரு சொட்டு கண்ணாடியில நின்னு வெயில்ல காஞ்சா, தண்ணி மட்டும்தான் ஆவியாகும். உப்பு எங்கயும் போகாது. பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்பு. சொட்டோட ஓரத்துலதான் அதிகமாப் படியும், அதான் புள்ளியச் சுத்தி வளையம் மாதிரித் தெரியுது. மறுநாள் அதே இடத்துல இன்னொரு சொட்டு, இன்னொரு அடுக்கு. ஷாம்பு போட்டாப் போகாது, ஏன்னா ஷாம்பு எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற சமாச்சாரம். சுண்ணாம்பைக் கரைக்க அமிலம் வேணும்.

அமிலம்னதும் நான் பண்ண முதல் காரியம் என்ன தெரியுமா? பாத்ரூம்ல இருந்த டாய்லெட் க்ளீனரை எடுத்தேன். கண்ணாடியில போட பயமா இருந்துச்சு, அதனால டெஸ்டிங்குக்கு முன்பக்க இடது வீல். ப்ரொடக்‌ஷன்ல நேரடியா டெஸ்ட் பண்ற ஆளுங்களை ஆஃபீஸ்ல நான் எவ்ளோ கிண்டல் பண்ணியிருப்பேன்! அந்த மாதிரி க்ளீனர்ல இருக்கிறது பெரும்பாலும் ஹைட்ரோக்ளோரிக் ஆசிட். அலாய் வீல்ங்கிறது அலுமினியக் கலவை, அது மேல பெயின்ட், அதுக்கு மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு க்ளியர் கோட். அஞ்சு நிமிஷத்துல அந்தக் கோட் பால் ஊத்தின மாதிரி வெளுத்துப் போச்சு. மறுநாள் காலையில பார்த்தா வீல் நட்டு, பிரேக் டிஸ்க் எல்லாம் ஆரஞ்சுக் கலர்ல துரு. டிஸ்க் துரு நாலு தடவை பிரேக் பிடிச்சதும் போயிடுச்சு. வீல் வெளுத்தது வெளுத்ததுதான். இன்னைக்கும் அப்படியே இருக்கு.

இங்க ஒரு நிமிஷம் சீரியஸாக் கேளுங்க. சில கடைகள்ல பேரு போடாத பாட்டில்ல "வாட்டர் ஸ்பாட் ரிமூவர்", "வீல் ஆசிட்"னு விப்பாங்க. இந்த வகையில சிலதுல ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் இல்லேன்னா அம்மோனியம் பைஃப்ளூரைடு இருக்கும். கறையைச் சூப்பரா எடுக்கும், ஏன்னா அது கண்ணாடியையே கரைக்கும். கையில பட்டா சில நேரம் உடனே வலிக்காது. தோலைத் தாண்டி உள்ளே போய், உடம்புல இருக்கிற கால்சியத்தோட சேர்ந்து எலும்பு வரைக்கும் பாதிக்கும். லேபிள்ல என்ன இருக்குன்னு எழுதாத பாட்டிலை வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க.

அப்போ எது வேலை செஞ்சுது? மளிகைக் கடையில கிடைக்கிற வெள்ளை வினிகர். சமையலுக்கு விக்கிறதுல பொதுவா நாலஞ்சு சதவீதம்தான் அசிட்டிக் ஆசிட். அது சுண்ணாம்போட சேர்ந்தா கார்பன் டை ஆக்சைடு வெளிய போகும், மிச்சம் தண்ணியில கரையிற உப்பா மாறிடும். நான் செய்யறது இப்படி: வண்டி நிழல்ல இருக்கணும், கண்ணாடி சூடில்லாம இருக்கணும். முதல்ல தண்ணி அடிச்சு மண்ணை இறக்கிடணும், இல்லேன்னா அந்த மண்ணே கண்ணாடியைக் கீறும். அப்புறம் வினிகரும் தண்ணியும் சரிபாதி. பழைய பனியன் துணியை அதுல நனைச்சுக் கண்ணாடி மேல ஒட்டி வெச்சிடுவேன், நெத்தியில ஈரத்துணி போடற மாதிரி. பத்து நிமிஷம். ஸ்ப்ரே பண்ணிட்டு உடனே தொடச்சா ஒண்ணும் நடக்காது. எல்லாரும் தோத்துப் போறது இங்கதான், அமிலத்துக்கு நேரம் குடுக்கணும். அப்புறம் தேய்ச்சுக் கழுவணும், தேவைப்பட்டா இன்னும் ரெண்டு தடவை. பெயின்ட் மேல வழிஞ்சதை உடனே அலம்பிடுங்க. வீட்டு வாசல்ல மார்பிள் தரைன்னா அங்க வெச்சு இதைச் செய்யாதீங்க, மார்பிளும் கால்சியம் கார்பனேட்தான், தரையில கோலம் விழுந்துடும்.

இவ்ளோ பண்ணியும் சில புள்ளி நிக்கும். அதுக்கு ஒரு சோதனை இருக்கு. மெல்லிசான பாலித்தீன் கவருக்குள்ள விரலை விட்டுப் புள்ளி மேல தடவிப் பாருங்க. சொரசொரன்னா உப்பு இன்னும் மேல உக்காந்திருக்கு, வினிகரைத் தொடருங்க. வழவழன்னு இருந்தும் புள்ளி தெரியுதுன்னா, உப்பு போயிடுச்சு, அது கண்ணாடியையே அரிச்சு வெச்ச தடம்தான் மிச்சம். அதை எந்தத் திரவமும் எடுக்காது, பாலிஷ் போட்டுத்தான் எடுக்கணும். அதுக்குன்னு சீரியம் ஆக்சைடுன்னு ஒரு பவுடர் இருக்கு, லென்ஸ் பாலிஷ் பண்ணப் பயன்படுத்துறது. தண்ணியில குழைச்சு ஃபெல்ட் பேடு வெச்சு, காயவே விடாமத் தேய்க்கணும். ஒரே இடத்துல அழுத்தினா முன் கண்ணாடியில அலை அலையாத் தெரியும், டிரைவர் பார்வைக்கு நேரா இருக்கிற பகுதின்னா தெரிஞ்ச ஆள்கிட்ட குடுத்துடுங்க. நான் பக்கவாட்டுக் கண்ணாடியில மட்டும் கையால பண்ணேன். ஒரு கதவுக்கு ஒன்றரை மணி நேரம். ஜிம் தேவையில்ல.

கறை போனதும் வைப்பர் ரப்பரையும் வினிகர்த் துணியால ஒரு இழுப்பு இழுத்துடுங்க. அதுல ஒட்டின உப்புத் தூள்தான் அரைவட்டமாக் கீறல் போடுது. எங்க அப்பா காலத்துல வைப்பர் மக்கர் பண்ணா புகையிலையை நனைச்சுக் கண்ணாடியில தேய்ச்சுக்குவாங்களாம், மழைத்தண்ணி சொட்டா நிக்காம வழிஞ்சு ஓடுமாம். "நாங்க அதை வெச்சே ஊட்டி ஏறினோம், உனக்கு அத்தனையும் இருந்தும் ரோடு தெரியல" - இது அவரோட ரிவ்யூ.

வீல் தனிக் கதை. அங்க ரெண்டு விதக் கறை. வெள்ளை வளையம்னா அதே உப்பு, வினிகரை இன்னும் நீர்க்கப் பண்ணி, ரெண்டு மூணு நிமிஷத்துல அலம்பிடணும். பாலிஷ் பண்ணின, கோட் இல்லாத அலுமினியம்னா அதுவும் வேணாம். பழுப்புப் புள்ளின்னா அது பிரேக் தூள். பேடும் டிஸ்க்கும் உரசி வர்ற இரும்புத்துகள் சூடாப் பறந்து வந்து வீல்ல குத்திக்கிட்டு அங்கயே துருப்பிடிக்குது. இதுக்கு வினிகர் சரிப்படாது, அயர்ன் ரிமூவர்னு விக்கிறாங்க. அடிச்ச கொஞ்ச நேரத்துல வீல் ஊதாக் கலர்ல ரத்தம் விடற மாதிரி வழியும். பயப்படாதீங்க, அதுல இருக்கிற தயோகிளைகோலேட் இரும்போட சேர்ந்தா வர்ற நிறம் அது. நாத்தம் மட்டும் அழுகின முட்டை. காய விடக் கூடாது, ஓட்டிட்டு வந்த சூட்டோட அடிக்கக் கூடாது.

இப்போ அண்ணன் கதைக்கு வர்றேன். அவரை நிறுத்தி ரெண்டு மாசம் கழிச்சு, வாட்டர் ப்யூரிஃபையர் சர்வீஸ் பத்தி ஒரு சந்தேகம் வந்து டிடிஎஸ் மீட்டர் வாங்கினேன். பேனா சைஸ்ல ஒரு கருவி, தண்ணியில எவ்ளோ கரைஞ்சிருக்குன்னு காட்டும். குடிதண்ணிக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்ற அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேற வழியே இல்லேன்னா 2000 வரைக்கும். எங்க வீட்டுக் குழாய் 940. ஃபில்டர் ஆகி வர்றது 70. சரி, ப்யூரிஃபையர்லேர்ந்து வெளிய தள்ளற கழிவுத் தண்ணி எவ்ளோன்னு சும்மா முக்கிப் பார்த்தேன். 1310.

எனக்கு வயித்துல கல்லு விழுந்துச்சு. ஏன்னா அந்தக் கழிவுத் தண்ணியைத்தான் நான் ஒரு டிரம்ல பிடிச்சு, கீழ பார்க்கிங் தூண் பக்கத்துல வெச்சு, "கார் துடைக்க இந்தத் தண்ணீரை மட்டும் பயன்படுத்தவும்"னு பிரிண்ட் எடுத்து ஒட்டியிருந்தேன். 2019ல சென்னை ஏரிகள் வறண்டு, லாரிக்குக் குடத்தோட நின்ன நாள்லேர்ந்து எங்க வீட்டுல ஒரு சொட்டு வீணாக்க மாட்டோம். நல்ல எண்ணம்தான். ஆனா கணக்குப் போடுங்க: 15 லிட்டர் பக்கெட்ல கிட்டத்தட்ட 20 கிராம் உப்பு. அதை வெச்சுத் தினமும் காலையில காரைத் தொடச்சு வெயில்ல காய விட்டிருக்கேன், அதுவும் காசு குடுத்து.

கீழ இறங்கிப் போய்ப் பார்த்தேன். பக்கத்து ஸ்லாட்ல நிக்கற கார், அதே அண்ணன் தொடச்ச கார், கண்ணாடி பளிச்சுன்னு இருக்கு. அதே ஆள், அதே துணி, அதே நேரம். அவங்களுக்கு மட்டும் லாரித் தண்ணி இறங்குற தொட்டிக் குழாயில பிடிச்சிருக்கார். அது 410. மாறினது தண்ணி மட்டும்தான். இத்தனை நாளா பக்கத்துலயே நின்னுட்டு இருந்த ஏ/பி டெஸ்ட்டை நான் ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கல. இன்னொண்ணும் ஞாபகம் வந்துச்சு. ஒரு தடவை அண்ணன் எங்கிட்ட, "சார், உங்க டிரம் தண்ணி வெள்ளையாப் பூத்துக்குது சார், அந்தக் குழாயில பிடிச்சுக்கட்டுமா?"ன்னு கேட்டிருக்கார். நான் லேப்டாப் பையோட லிஃப்ட்ல ஏறிக்கிட்டே, "தண்ணிய வேஸ்ட் பண்ணாதீங்கண்ணா"ன்னு சொல்லிட்டுப் போயிருக்கேன்.

அதே குரூப்ல மறுபடியும் எழுதினேன், மூணு ரீடிங்கோட போட்டோவும் போட்டு, தப்பு என்னோடதுன்னு. மூணு வீட்ல ஒரு வீடு அவரைத் திரும்பக் கூப்பிட்டாங்க. இன்னும் ரெண்டு வீட்டுக்காரங்க அதுக்குள்ள வேற ஆள் வெச்சுட்டாங்க. எதிர் அப்பார்ட்மென்ட்ல அவர் வேலை பாத்துட்டு இருந்த இடத்துக்கே போனேன். அந்த ரெண்டு மாசச் சம்பளத்தையும், போன வீடுகளோடதையும் சேர்த்துக் குடுத்தேன். என் பணத்தை மட்டும் எண்ணி எடுத்துக்கிட்டு மிச்சத்தைத் திருப்பிக் குடுத்துட்டார். "அவங்க நிறுத்தினதுக்கு நீங்க ஏன் சார் குடுக்கறீங்க?" அவங்க நிறுத்தினது என்னாலதாண்ணான்னேன். பதில் சொல்லாமப் பக்கெட்டைப் பிழிஞ்சுட்டு இருந்தார்.

போன வாரம் திரும்ப வர ஆரம்பிச்சார். கண்டிஷன் போட்டுத்தான் வந்தார்: டிரம்மைத் தூக்கணும். தூக்கிட்டேன், கழிவுத் தண்ணி இப்போ டாய்லெட்டுக்குப் போகுது. அதுக்குப் பதிலா பெட்ரூம் ஏசி தண்ணியப் பிடிச்சு வைக்கிறேன். அது காத்துலேர்ந்து குளிர்ந்து இறங்குற தண்ணி, உப்புக் கிட்டத்தட்டக் கிடையாது, என் மீட்டர்ல 18 காட்டுச்சு. தூசி இருக்கும், துணியில வடிகட்டணும். தொட்டிக் குழாய்த் தண்ணியில கழுவிட்டுக் கடைசியா இதை ஊத்தி, காயறதுக்குள்ள மைக்ரோஃபைபர் துணியால ஒத்தி எடுக்கறோம். ஏசி போடாத மாசத்துல ஒத்தி எடுக்கறது மட்டும்தான்.

நேத்து அண்ணன் அந்த வெளுத்த இடது வீலைத் தொடச்சுத் தொடச்சுப் பார்த்துட்டு, "இது மட்டும் என்ன பண்ணாலும் போகலியே சார், எந்தத் தண்ணி இது?"ன்னு கேட்டார். டாய்லெட் க்ளீனர்ண்ணான்னேன். அவர் சிரிச்ச சிரிப்புல செக்யூரிட்டி எட்டிப் பார்த்துட்டார்.

அடுத்த வாரம் பேட்டரி. உங்க ஊர்த் தண்ணி ரீடிங் எவ்ளோன்னு மெசேஜ் பண்ணுங்க.