திரையில் நாயகன், ஏட்டில் குற்றவாளி

(பெற்றோர் – இளையோர் சந்திப்பு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் திரைப்படம். ஆயினும், நம் பிள்ளைகள் எவரைப் போல் ஆக விரும்புகிறார்கள் என்பதே அதன் உட்பொருள். தெருவில் ஒரு மூதாட்டியின் சங்கிலியை அறுத்துச் செல்பவனை எவரும் போற்றுவதில்லை. அதே மூதாட்டியின் ஓய்வுகாலச் சேமிப்பைத் தொலைபேசி வழியே பறித்தவனோ திரையில் நாயகன் ஆகிவிடுகிறான். இது எவ்வாறு நிகழ்கிறது?

2013 ஆம் ஆண்டு வெளிவந்த 'த வூல்ஃப் ஒஃப் வோல் ஸ்ட்ரீட்' படத்தை உங்களிற் பலர் பார்த்திருப்பீர்கள். மார்ட்டின் ஸ்கோர்செஸி இயக்க, லியனார்டோ டி கப்ரியோ நடித்த அப்படம், ஜோர்டன் பெல்ஃபோர்ட் என்னும் பங்குத் தரகர் தாமே எழுதிய நூலை அடிப்படையாகக் கொண்டது. அவருடைய நிறுவனம் செய்த தொழிலைச் சுருங்கச் சொல்கிறேன். அதிகம் கைமாறாத, மலிவான பங்குகளை முதலில் தாமும் தம் கூட்டாளிகளும் இரகசியமாகச் சேர்த்துக்கொள்வர். பின்னர் விற்பனையாளர்கள் பொதுமக்களைத் தொலைபேசியில் அழைத்து, பொய்யுரைத்து அவற்றை வாங்கச் செய்வர். வாங்குவோர் பெருக விலை ஏறும். உச்சத்தில் இவர்கள் தம் பங்குகளை விற்று வெளியேறுவர். விலை சரியும். நட்டம் முழுவதும் இறுதியாக வாங்கிய எளிய மக்களின் தலையில் விழும்.

இதில் புதிய செல்வம் எதுவும் பிறக்கவில்லை என்பதை இளையோர் கவனிக்க வேண்டும். ஒருவர் வாங்கிய உல்லாசப் படகு, வேறு பலருடைய வீட்டுக் கடன் தவணை.

பெல்ஃபோர்ட் 1999 இல் பங்கு மோசடி, பணச்சலவை ஆகிய குற்றங்களை ஒப்புக்கொண்டார். 2003 இல் நான்காண்டுச் சிறைத்தண்டனை பெற்று, ஏறத்தாழ 22 மாதங்களே சிறையில் இருந்தார். பாதிக்கப்பட்ட 1,513 பேருக்கு ஏறக்குறைய 110 மில்லியன் டொலர் செலுத்துமாறு பணிக்கப்பட்டார். அத்தொகையின் பெரும்பகுதி 2018 இலும் செலுத்தப்படாமலே இருந்தது.

அந்த 1,513 பேரில் ஒருவரது வீட்டையேனும் படம் நமக்குக் காட்டுகிறதா? மூன்று மணி நேரப் படத்தில் ஏமாந்தவர் ஒரு தொலைபேசிக் குரலாக மட்டுமே வருகிறார். அக்குரலை ஏளனம் செய்யும் விற்பனையாளர்களோடு சேர்ந்து அரங்கமும் சிரிக்கிறது. குற்றவாளியைப் பிடித்த நேர்மையான அதிகாரியோ, முடிவில் சுரங்க இரயிலில் அமைதியாக வீடு திரும்புகிறார். அவரே வென்றவர். ஆனால் இளம் பார்வையாளருக்கு அவர் தோற்றவர் போலத் தெரிகிறார். போதாததற்கு, உண்மையான பெல்ஃபோர்ட்டே இறுதிக் காட்சியில் தோன்றுகிறார்.

'பேராசையின் கோரத்தைக் காட்டவே படம் எடுத்தோம்' என்று படைப்பாளிகள் கூறலாம். அந்நோக்கத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் நோக்கம் வேறு, விளைவு வேறு. 1987 இல் ஒலிவர் ஸ்டோன் எடுத்த 'வோல் ஸ்ட்ரீட்' படமும் எச்சரிக்கையாகவே எண்ணப்பட்டது. அதில் கோர்டன் கெக்கோ என்னும் கொடியவனாக நடித்து ஒஸ்கார் வென்ற மைக்கல் டக்ளஸிடம், அப்பாத்திரத்தைப் பார்த்தே இத்தொழிலுக்கு வந்தோம் என்று பலர் பெருமையுடன் கூறினராம். 2012 இல் அதே நடிகர், பங்குச்சந்தைக் குற்றங்களுக்கு எதிராக அமெரிக்கப் புலனாய்வுத்துறையின் விழிப்புணர்வு விளம்பரத்தில் தோன்றினார்.

இக்கதை நமக்கும் தொலைவானதன்று. பெல்ஃபோர்ட் படத்தைத் தயாரித்த நிறுவனத்துக்கு, மலேசிய அரசின் 1எம்டிபி நிதியத்திலிருந்து கையாடப்பட்ட பணம் சென்றது என்று அமெரிக்க நீதித்துறை 2016 இல் வழக்குத் தொடுத்தது. அந்நிறுவனம் 2018 இல், தவறை ஒப்புக்கொள்ளாமலே, 60 மில்லியன் டொலர் செலுத்த இணங்கியது. அந்நிதியத்தின் கடன்சுமை மலேசியப் பொதுமக்கள் மீதே விழுந்தது. அங்கு வரி செலுத்துவோரில் நம் உறவுகளான தமிழரும் உள்ளனர். மோசடியைப் பற்றிய படமே மோசடிப் பணத்தில் எடுக்கப்பட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டதை என்னென்பது!

பெற்றோர்களே, இத்தகைய படங்களைத் தடை செய்வதாற் பயனில்லை. பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள். படம் முடிந்ததும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: 'இந்தப் பணம் யாருடையது?' சீட்டுக் கட்டிச் சேர்த்ததை நம்பிக்கையின் பேரில் ஒருவரிடம் கொடுத்து இழந்தவர்கள் நம்மிடையே இருந்தால், வெட்கத்தால் மறைக்காமல் அதனையும் சொல்லுங்கள். திரை காட்டாத மறுபக்கத்தைப் பிள்ளைகள் உங்களிடமிருந்தே அறிய முடியும்.

இளையோரே, பொருள் ஈட்டுவது குற்றமன்று. இரவு வேலை பார்த்து உங்களைப் படிக்க வைத்தவர்களும் பொருள் ஈட்டியவர்களே. வள்ளுவர் பொருள் செய்வதற்கும் ஓர் அதிகாரம் வகுத்தார், பிறர் பொருளை விரும்பாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டையும் சேர்த்தே படியுங்கள்.

விரைவில் செல்வனாக்குவதாக எவரேனும் உங்களிடம் வந்தால், தொலைபேசியின் மறுமுனையில் இருக்கப்போவது யார் என்று எண்ணிப் பாருங்கள். அது உங்கள் அம்மம்மாவாகவும் இருக்கலாம்.